நிறைந்திருந்த தொட்டி

இரண்டாவது ஷெட்டின் தண்ணீர்த் தொட்டி இரண்டு நாளாக விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

மே மாத வெயில். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை போர் மோட்டாரை ஓட்டினாலும் சாயங்காலம் அந்தத் தொட்டி பாதிக்குக் கீழே போய்விடும். அன்றைக்கு ஏணியில் ஏறி மூடியைத் தூக்கினேன், தண்ணீர் தளும்பியது. மோட்டார் போடும் வேலை மிச்சம் என்று இறங்கி வந்து பீடி பற்றவைத்தேன். மறுநாளும் அப்படியே. தொட்டி குறையவே இல்லை என்றால் யாரும் குடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். இவ்வளவு சின்ன விஷயம் என் தலையில் ஏற மூன்றாம் நாள் காலை ஆனது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். தீப்பெட்டி ஆபீஸ், திருப்பூரில் சாயப்பட்டறை, லாரியில் கிளீனர், பாலக்காட்டுப் பக்கம் ஒரு பன்றிப் பண்ணை என்று எந்த இடத்திலும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் துரத்தவில்லை. கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். ஓசூருக்கு வந்தது சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டுக் கழுவ. மூன்று ஷிஃப்டிலும் மிஞ்சுகிற சோறு பின்வாசலில் நீல டிரம்களில் சேரும். அதை எடுத்துப்போக தினமும் ஒரு குட்டியானை வண்டி வரும். அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டான். பண்ணை ஓனரே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"வண்டி ஓட்டுவியாப்பா? பன்னின்னா மூக்கப் புடிப்பியா?" என்று கேட்டார்.

ஓட்டுவேன், பிடிக்க மாட்டேன் என்றேன். மறுநாள் என் பையோடு டிரம்களுக்கு நடுவில் ஏறிவிட்டேன்.

பண்ணை ராயக்கோட்டை சாலையில் சானமாவுக் காட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மண் ரோட்டில் உள்ளே இருந்தது. ஒரு பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில், மறுபக்கம் குவாரி மண்மேடு. ஓனருக்கு வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், வியாபாரிகளிடம் கன்னடம். கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும். முதல் ஷெட்டில் தாய்ப்பன்றிகளும் குட்டிகளும். இரண்டாவதில் கறிக்கு வளர்கிற முப்பது பன்றிகள், ஐந்து தடுப்புகளில் ஆறு ஆறாக. என்னோடு வேலை பார்த்தவர் ஓர் அக்கா. திருவண்ணாமலைக்காரர், புருஷன் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. ஷெட் கழுவுவதும் குட்டிகளைப் பார்ப்பதும் அக்கா பொறுப்பு. சோறு, வண்டி, தண்ணீர் என் பொறுப்பு.

தண்ணீர் என் பொறுப்பு. அதனால் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

பன்றிகள் குடிக்கிற தண்ணீர் தொட்டியிலிருந்து குழாய் வழியாக வந்து, சுவரில் பதித்த பித்தளை நிப்பிளில் நிற்கும். பன்றி அதைக் கவ்வி அழுத்தினால் வாய்க்குள் பீய்ச்சும். மூன்றாவது தடுப்பில் ஒரு நிப்பிள் ஒழுகிக்கொண்டிருந்தது. தொட்டிக்குக் கீழே இருக்கும் கேட் வால்வை மூடிவிட்டு, புதுசு ஒன்றை டேப் சுற்றி முடுக்கினேன். முடுக்கி முடிக்கும்போது போன் வந்தது. கேன்டீன் சூப்பர்வைசர். கம்பெனி வருஷாந்திர பராமரிப்புக்காகப் பத்து நாள் மூடுகிறார்கள், ஸ்டோரில் இருப்பதையெல்லாம் இப்போதே வந்து அள்ளிக்கொண்டு போ, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். திரும்பி வந்து டிரம்களை இறக்கினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். வால்வைத் திறக்கவில்லை. மறந்துவிட்டேன். இதில் வேறு கதை எதுவும் கிடையாது.

ஸ்டோரிலிருந்து வந்ததில் இரண்டு டிரம் எலுமிச்சை ஊறுகாய். தேதி தாண்டியது. ஒரு மூட்டை அப்பளம், ஒரு மூட்டை மோர்மிளகாய். ஓனர் டிரம்மைத் திறந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. பன்னிக்கு என்னா, கல்லு மண்ணத் தவிர எல்லாம் திங்கும். சோத்துல கலந்து போடு."

கலந்து போட்டேன். அன்று சாயங்காலம் ஷெட்டே அதிர்கிற மாதிரி தின்றன. மறுநாள் காலையிலிருந்து கத்தல். பன்றி கத்துவது எங்களுக்குப் புதிதில்லை, சோற்று வண்டிச் சத்தம் கேட்டாலே கத்தும். ஆனால் இது நிற்காத கத்தல். அக்கா விளக்குமாறோடு வந்து நின்றார்.

"இன்னாப்பா இது, காலீலேர்ந்து இந்தக் கத்து கத்துது?"

"ருசி கண்டுருச்சுக்கா. இன்னும் வேணுமாம்."

சொல்லிவிட்டு மேலும் இரண்டு வாளி ஊறுகாய்ச் சோறு போட்டேன். தாகத்தில் கத்தியவற்றுக்கு நான் கொடுத்தது உப்பு. பாதியை அப்படியே விட்டுவிட்டு அவை நிப்பிளைக் கடித்துக்கொண்டு நின்றன. அதையும் பார்த்தேன். குடிக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஷெட்டில் சத்தம் இல்லை.

உள்ளே போனேன். இரண்டு பன்றிகள் செத்து விறைத்துக் கிடந்தன. ஒன்று சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து அப்படியே நின்றது. நகரவில்லை, நான் தட்டியும் திரும்பவில்லை. ஒன்று கண் திறந்தபடியே நடந்து போய்க் கம்பியில் இடித்தது, பின்வாங்கி அதே கம்பியில் மறுபடி இடித்தது. பார்வை போயிருந்தது. நாலாவது தடுப்பில் பெரிய பன்றி ஒன்று நாய் மாதிரி பின்னங்காலில் உட்கார்ந்திருந்தது. அதன் மூக்கு லேசாகத் துடித்தது. பிறகு தலை மெல்ல மேலே தூக்கிக்கொண்டே போய் முதுகுப் பக்கம் வளைந்தது. அப்படியே பக்கவாட்டில் விழுந்து, நீந்துகிற மாதிரி காலை உதைத்தது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. சில நிமிஷம் கழித்து மூக்கு மறுபடி துடிக்க ஆரம்பித்தது.

இதை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். பாலக்காட்டில். ஓடிப்போய்த் தொட்டிக்கு அடியில் குனிந்தேன். வால்வு மூடியிருந்தது.

கையை வைத்தேன், ஆனால் நான் திறக்கவில்லை. பாலக்காட்டில் இதே கையால்தான் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அங்கே மோட்டார் எரிந்து இரண்டு நாள் தண்ணீர் இல்லை, பன்றிகள் இதே மாதிரி சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. தண்ணீர் வந்ததும் பாவம் பார்த்து, ஹோஸை எடுத்துத் தொட்டிகளில் நிரப்பிவிட்டேன். வயிறு முட்டக் குடித்தன. சாயங்காலத்துக்குள் நடக்க முடிந்தவைகூட விழுந்தன. அங்கே வந்த டாக்டர்தான் சொன்னார், உப்பேறிக் காய்ந்த உடம்புக்குத் தண்ணீரை மொத்தமாகக் கொடுத்தால் மூளை வீங்கிச் செத்துவிடும், சொட்டுச் சொட்டாகக் கொடுத்திருக்க வேண்டும் என்று. எத்தனை செத்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

திரும்பி ஷெட்டுக்குள் வந்தபோது, அக்கா முதல் ஷெட்டிலிருந்து ஹோஸை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நிப்பிளை அழுத்திப் பார்த்திருக்கிறார். ஒரு சொட்டு வரவில்லை. ஹோஸ் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"வுடுப்பா. தண்ணியில்லாம சாவுது பாரு."

"குடுத்தாலும் சாகும்க்கா. இப்ப குடுக்கக் கூடாது."

"தண்ணி கேக்குற ஜீவனுக்கு தண்ணி குடுக்காதன்றியே, நீ மனுசனா? வால்வ மூடிட்டு இப்ப வியாக்கியானம் சொல்றியா?"

"மூடுனது நான்தான். அதுக்குத் திட்டு, வாங்கிக்கிறேன். ஆனா ஹோஸ விட மாட்டேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர்ச் சத்தம் கேட்டு, நடக்க முடிந்த பன்றிகள் எல்லாம் கம்பியருகே வந்து மூக்கை நீட்டின. எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. பாலக்காட்டில் என்ன நடந்தது என்று சொன்னேன். அக்கா ஹோஸை விட்டார். நம்பியதாலா, என் முகத்தைப் பார்த்தா என்று தெரியாது.

அரை மணிக்கு ஒரு தடவை, ஒரு பன்றிக்கு ஒரு டம்ளர். அவ்வளவுதான் கொடுக்கலாம். ஆனால் ஆறு பன்றி நிற்கிற இடத்தில் டம்ளரை நீட்டினால் பலமுள்ளது டம்ளரையும் சேர்த்துத் தின்னும். குழாய் வேலைக்கு வாங்கிப் போட்டிருந்த ஆறங்குல அகலப் பிளாஸ்டிக் பைப்புகள் மூன்று இருந்தன. அவற்றை ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். தடுப்புக்கு ஒன்றாக, கம்பிக்கு அடியில் சரிவில்லாமல் கட்டினேன். ஆறு டம்ளரை ஒரே வீச்சில் ஊற்றினால் நீளம் முழுக்க மெல்லிசாகப் பரவும். ஆறு மூக்கும் ஒரே நேரத்தில் நக்கும், ஒரு மூச்சில் தீர்ந்துவிடும். பிறகு அவை வெறும் பைப்பை நக்கிக்கொண்டு என்னைப் பார்க்கும். வலிப்பு வந்து கிடந்தவற்றின் வாயில் ஊற்றினால் புரையேறிவிடும். அவற்றின் மூக்கில் ஈரத்துணி போட்டோம். தரையில் சாக்கு விரித்து, முட்டிக்கொண்டிருந்த சுவரில் வைக்கோல் மூட்டைகளை அடுக்கினோம்.

ஓனர் ஒன்பது மணிக்கு வந்தார். செத்த இரண்டையும் பார்த்தார், சுவரில் முட்டி நிற்பதைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"காய்ச்சல்டா இது. பன்னிக் காய்ச்சல்."

"இல்லண்ணே. தண்ணி நின்னுபோச்சு. வால்வ நான் மூடிட்டு மறந்துட்டேன். ஊறுகா உப்பு வேற."

"தண்ணி ரெண்டு நாள் இல்லன்னா இப்பிடியா சுத்தும்? உனக்கு என்னா தெரியும்? வெளிய தெரிஞ்சா ஆளுங்க வந்து மொத்தத்தையும் குழி தோண்டிப் பொதச்சிடுவாங்க. அந்த ஷெட்டுல இருக்குற தாயி, குட்டி, எல்லாத்தையும்."

"அந்த ஷெட்டும் இதே சோத்தத்தான தின்னுச்சு? அதுக்குத் தண்ணி இருந்துச்சு, நல்லா இருக்கு. காய்ச்சல்னா நடுவுல இருக்குற பாதையப் பாத்துட்டு நின்னுருமா?"

அவர் அதைக் கேட்கவில்லை. பயந்தவருக்குக் காது வேலை செய்யாது. நான்கு அடி தள்ளிப் போய் கன்னடத்தில் போன் பேசினார். ஆனேக்கல் பக்கத்து வியாபாரி என்று புரிந்தது. இன்றைக்கே இருபத்தெட்டையும் ஏற்றிவிடலாம், வா என்கிறார். எதற்கு அவசரம் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். யானை வருது, வேலி ஒடஞ்சிருக்கு என்று ஏதோ சொன்னார்.

போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மதியம் வண்டி வருது. கால் கட்டுறதுக்கு ரெடி பண்ணு. செத்தத சாக்கு போட்டு மூடு."

அந்த வியாபாரி ஏற்றுகிற விதம் எனக்குத் தெரியும். கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற மெல்லிய கட்டுக்கம்பியால் நாலு காலையும் ஒன்றாக முறுக்குவார்கள், வாயையும் சேர்த்து. தோல் அறுந்து ரத்தம் வரும். பிறகு இரண்டு பேர் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக எறிவார்கள். நல்ல உடம்போடு இருக்கிற பன்றியே அதில் பாதி செத்துவிடும். வலிப்பு வருகிற பன்றியை அப்படிக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வேண்டியதில்லை.

"கட்ட மாட்டேண்ணே" என்றேன்.

"என்னா?"

"ரெண்டு நாள் தாகத்துல போட்டது நான். இன்னும் ரெண்டு மூணு நாள் கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குடுத்தா பாதிக்கு மேல பொழைக்கும். அதுவரைக்கும் இங்கருந்து ஒண்ணும் நகராது."

"பண்ணை என்துடா."

"பண்ணை உங்களது. தப்பு என்னுது."

அவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். அர்த்தம் தெரியாவிட்டாலும் அம்மாவைச் சொல்கிறார் என்று தெரிந்தது. நான் போய் அடுத்த தடவைக்கான டம்ளர்களை நிரப்பினேன்.

வியாபாரி மதியம் வந்தார். கூட இரண்டு ஆட்கள், தோளில் கம்பிச் சுருள். ஷெட்டின் வாசலில் நான் நின்றேன். ஓனர் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நகரவில்லை. வியாபாரி சிரித்தார். அவருக்கு யாராக இருந்தாலும் 'குரு'தான்.

"ஏன் குரு, உங்க ஆளு கேட்டு மாதிரி நிக்கறான்?"

"அண்ணே, இவ்ளோ அவசரமா எதுக்கு விக்கிறாங்கன்னு கேட்டீங்களா?" என்றேன்.

"ஏய், நீ வாயத் தொறக்காத" என்றார் ஓனர்.

"ஓனர் இதக் காய்ச்சல்னு நெனைக்கிறாரு. ரெண்டு செத்துருச்சு. அந்தச் சாக்கத் தூக்கிப் பாருங்க. நான் காய்ச்சல் இல்லன்றேன். தண்ணி இல்லாம வந்தது, வால்வ மூடுனது நான்தான். ஓனர் சொல்றது நெசம்னா, உங்க வண்டியும் உங்க செருப்பும் இந்தக் காய்ச்சல ஆனேக்கல்ல உங்க பட்டிக்குக் கொண்டுபோகுது. நான் சொல்றது நெசம்னா, நாலு நாள்ல இதுங்க எந்திரிச்சு நிக்கும், நல்ல பன்னியா வாங்கிக்கலாம். ரெண்டுல எதுவா இருந்தாலும் இன்னிக்கு ஏத்துறதுக்கு இங்க வேலை இல்ல."

வியாபாரி என் தோளுக்கு மேல் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். நாலாவது தடுப்பில் பெரியதுக்கு அப்போதுதான் தலை பின்னால் வளைந்துகொண்டிருந்தது. கம்பிச் சுருளை ஆளின் தோளிலிருந்து எடுத்து அவரே வண்டியில் போட்டார்.

"ஈ சவாசவே பேடப்பா" என்றார். இந்தச் சகவாசமே வேண்டாம் என்று அர்த்தம். பிறகு ஓனரைப் பார்த்து, "யானை வருதுன்னியே, குரு. இதா யானை?" என்றார்.

அவரே வாளி கேட்டு வாங்கி, பிளீச்சிங் பவுடர் கரைத்து, செருப்பையும் டயரையும் கழுவிக்கொண்டு போனார்.

வண்டி மண் ரோட்டைத் தாண்டியதும் ஓனர் என் அறைக்குள் போனார். பையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே எறிந்தார்.

"அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள அவன் ஊருக்கே சொல்லிடுவான். என் வயித்துல அடிச்சிட்ட. போ. இங்க நிக்காத."

இதுவரை எத்தனையோ வேலைகளை யாரும் சொல்லாமலே விட்டுவிட்டுப் போனவன் நான். போ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. போயிருந்தால் எனக்குச் சுலபம். ராயக்கோட்டை சாலையில் நின்றால் ஏதாவது ஒரு கம்பெனி பஸ்காரன் ஏற்றிக்கொள்வான். வெளியே போய் பையை எடுத்தேன். மண்ணைத் தட்டினேன். திரும்ப உள்ளே கொண்டுவந்து அறையில் வைத்தேன். அரை மணி ஆகியிருந்தது. தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

ஓனர் கேட்டருகில் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஷெட் வாசலில் உட்கார்ந்தார். எனக்குத் துணைக்கா காவலுக்கா என்று கேட்கவில்லை. அடுத்த தடவை நான் ஊற்றும்போது, "அந்த மூணாவதுல ஒண்ணு நக்கல. அதுக்கு வந்து சேரல பாரு" என்றார். உண்மைதான், பைப் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நிமிர்த்திக் கட்டினேன்.

விடியும்வரை நானும் அக்காவும் மாற்றி மாற்றி ஊற்றினோம். அதற்குள் மேலும் நாலு செத்தன.

வியாபாரி சொன்ன செய்தி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. காலையிலேயே கால்நடை டாக்டரம்மா வந்தார், காலுக்கு உறை போட்டுக்கொண்டு, உதவியாளரோடு. செத்தவற்றிலிருந்து மாதிரி எடுத்தார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஓனர் ஓரமாக நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்போ தண்ணி குடிச்சுது?" என்று டாக்டர் கேட்டார்.

சொன்னேன். வால்வு, நிப்பிள், ஊறுகாய், இரண்டாம் நாள் போட்ட இரண்டு வாளி, எல்லாவற்றையும். எழுதிக்கொண்டார். அறுத்த பைப்பைக் காலால் லேசாகத் தட்டினார்.

"இது யார் ஐடியா?"

"நான்தான் மேடம்."

"கொஞ்சம் கொஞ்சமாதான் தரணும்னு எப்படித் தெரியும்?"

"பாலக்காட்டுல மொத்தமாக் குடுத்துப் பாத்தேன் மேடம்."

அவர் அதையும் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. நாளைக்கு அளவைக் கொஞ்சம் கூட்டலாம், நாளை மறுநாள் வால்வைத் திறக்கலாம், ரிசல்ட் வரும்வரை ஒரு பன்றியும் வெளியே போகக் கூடாது என்று சொன்னார். போகும்போது ஓனரிடம், "நேத்து வித்திருந்தா உங்க மேலதான் கேஸ் வந்திருக்கும்" என்றார். ரிசல்ட் வந்தபோது காய்ச்சல் இல்லை என்று இருந்தது.

வால்வைத் திறந்த நாளில் இன்னும் ஒன்று செத்தது. மொத்தம் ஏழு. குவாரி மண்மேட்டுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். இருபத்து மூன்று பிழைத்தன. நாய் மாதிரி உட்கார்ந்திருந்த பெரியதும் அதில் ஒன்று. அதற்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பவில்லை. மற்றபடி நன்றாகத் தின்றது.

ஓனர் என்னை மறுபடி போகச் சொன்னார், இந்தத் தடவை நிதானமாக. வேறு ஆள் பார்த்துவிட்டதாகச் சொன்னார். இந்த இருபத்து மூன்றும் போகிற அன்றைக்குப் போகிறேன் என்றேன். அவர் பார்த்துவைத்த ஆள் ஒரு நாள் வந்து, ஷெட்டின் வாசனையை மோந்துவிட்டு அன்றைக்கே போய்விட்டான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கேன்டீன் மறுபடி திறந்தது. சோறு எடுக்கப் போனபோது பழைய கூட்டாளிகள் கேட்டார்கள். எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது. பாத்திரம் கழுவுகிற ஒருவன், சேலத்துக்காரன், வாய் அடங்காதவன்.

"பன்னிக்கு டம்ளர்ல தண்ணி ஊத்துனியாமா? ஐஸ் போட்டியா?"

"போடல."

"எப்பிடியும் வெட்டத்தான போறாங்க. அதுக்குப் போயி ஓனர்கிட்ட மல்லுக்கு நின்னியா, கிறுக்கா?"

இந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நிறையப் பேர் கேட்டார்கள். படித்தவர்களும் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். வெட்டப் போவது எனக்குத் தெரியும். நானும் கறி தின்கிறவன்தான். ஆனால் வெட்டுவது ஒரு நாள் வேலை. அதற்கு முன்னால் ஏழெட்டு மாசம் அது உயிரோடு இருக்கிறது. அந்த ஏழெட்டு மாசம் யார் பொறுப்பு? கதவைப் பூட்டி வைத்தவன் பொறுப்பு. காட்டில் இருந்தால் அதுவே போய் கெலவரப்பள்ளி அணைத் தண்ணீரில் வாயை வைத்துக் குடித்துக்கொள்ளும், என்னிடம் கேட்காது. சுவரைக் கட்டி, குழாயை வைத்து, வால்வை என் கையில் வைத்துக்கொண்ட பிறகு, சாகப் போகிற பன்றிதானே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஐந்து வாரம் கழித்து அதே வியாபாரி வந்தார். பன்றிகள் நல்ல எடை போட்டிருந்தன. நான் பலகைகளை ஆணி அடித்து வண்டிக்குச் சரிவு ஒன்று செய்து வைத்திருந்தேன், வழுக்காமல் இருக்க மேலே சாக்கு தைத்து. கம்பி வேண்டாம், நடந்து ஏறும் என்றேன். அவர் ஓனரைப் பார்த்தார். ஓனர் வானத்தைப் பார்த்தார்.

எடை போடும் தராசை இறக்கினார்கள். அப்போதுதான் வியாபாரி நிப்பிளில் ஒரு பன்றி குடிப்பதைப் பார்த்தார்.

"ஏய், ஏய். எடைக்குத் தண்ணி காட்டறியா? எனக்கே வித்தையா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எடை ஏற வேண்டும் என்று கடைசி நேரத்தில் தண்ணீர் குடிக்க வைத்து விற்கிறவர்கள் உண்டு. அதனால் வாங்குகிறவர்கள் முதல் நாள் மதியத்திலிருந்தே தண்ணீரை நிறுத்தச் சொல்வார்கள், எல்லாப் பண்ணையிலும் வழக்கம். எனக்கும் சொல்லியிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை.

"சரிண்ணே. இப்ப மூடுறேன். எடை போடுங்க" என்றேன். வால்வை மூடினேன். எவ்வளவு குடித்திருக்கும் என்று அவர் ஒரு அளவு சொன்னார், ஓனர் ஒத்துக்கொண்டார், கழித்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றாக எடை போட்டு முடிக்க ஒரு மணிக்கு மேல் ஆனது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆட்கள் ஏற்றலாம் என்று எழுந்தார்கள். நான் போய் வால்வைத் திறந்தேன்.

"எடைதான் போட்டாச்சே, இன்னும் என்னா?" என்றார் வியாபாரி.

"ஆனேக்கல் வரைக்கும் டிராஃபிக்ல நிக்கணும். குடிச்சிட்டு ஏறட்டும்."

"காலைல வெட்டப் போற பன்னிக்குத் தண்ணி எதுக்குப்பா?"

"காலைல வரைக்கும் தாகம் எடுக்கும்ல."

அவர் ஓனரிடம் ஏதோ கன்னடத்தில் முறையிட்டார். ஓனர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "குடிக்கட்டும் விடு, அவன் விடமாட்டான்" என்றார்.

நான் சரிவுப் பலகையின் முன்னால் நின்றுகொண்டேன். பன்றிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிப்பிளுக்கு வந்தன. அவசரப்படவில்லை. ஒற்றைக்கண் பெரியது கடைசியாக வந்தது. பார்வை இல்லாத பக்கம் நிப்பிள் இருந்ததால் இரண்டு மூன்று தடவை சுவரை மோந்து தேடியது. அக்கா அதன் தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கவ்வியது. டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினான், நான் திரும்பிப் பார்த்தேன், அணைத்தான். அது குடித்து முடித்து, வாயோரம் ஒழுக ஒழுகத் தானாக நடந்து வந்த பிறகுதான் பலகையை விட்டு நகர்ந்தேன்.